வாட்ஸ் எவ்வளவு சார்?

ஆம்ப்ளிபயர் வாங்கக் கடைக்குப் போகும் நம்மில் பெரும்பாலானோர் கேட்கும் முதல் கேள்வி, "வாட்ஸ் எவ்வளவு?" என்பதுதான். கடைக்காரரும் அதற்காகவே காத்திருந்தது போல ஒரு பெரிய எண்ணைச் சொல்வார். 100 என்றால் நல்லது, 200 என்றால் மிக நல்லது, 1000 என்றால் சொல்லவே வேண்டாம், பில் போட்டுவிடலாம்!

நானும் அப்படிக் கேட்டவன்தான். கேட்டு ஏமாந்த பிறகுதான் அது தவறான கேள்வி என்று புரிந்தது. ஆம்ப்ளிபயரைத் தனியாகத் தேர்வு செய்ய முடியாது. உங்கள் ஸ்பீக்கர் என்ன, நீங்கள் உட்கார்ந்து கேட்கும் அறை எவ்வளவு பெரியது, எவ்வளவு சத்தமாகக் கேட்பீர்கள் என்ற மூன்றும் தெரிந்தால்தான் விடை கிடைக்கும். இந்த மூன்றில் எதையும் கடைக்காரர் நம்மிடம் கேட்பதில்லை. நாமும் சொல்வதில்லை. பணம் வீணாவது இங்கேதான்.

கம்ப்யூட்டரை நல்ல ஸ்டீரியோ ஸ்பீக்கர்களுடன் இணைத்துப் பாட்டுக் கேட்க விரும்பும் வாசகர்களுக்காக, நான் பட்ட அனுபவத்தையும் போட்ட கணக்கையும் இங்கே தருகிறேன்.

மாமாவின் ஸ்பீக்கர்

திருச்சியில் இருக்கும் என் தாய்மாமா சிங்கப்பூரில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். 1990களில் ஊர் திரும்பும்போது ஒரு ஜோடி ஹைபை ஸ்பீக்கர் கொண்டுவந்தார். மரப்பெட்டி, ஆறரை அங்குல வூபர், ஒரு அங்குல ட்வீட்டர். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாரும் அதைத் தொடக்கூடாது என்பது எழுதப்படாத சட்டம்.

நான் இன்ஜினியரிங் கடைசி ஆண்டு படித்தபோது ஹாஸ்டல் பிரிவு விழாவுக்காக அந்த ஸ்பீக்கர்களைக் கெஞ்சிக் கேட்டு வாங்கிப் போனேன். ஆம்ப்ளிபயருக்கு நண்பர்கள் சேர்ந்து பணம் போட்டோம். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் "1000 வாட்ஸ் பிஎம்பிஓ" என்று ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு செட் வாங்கினோம். சுமார் 200 பேர் கூடிய ஹாலில் வால்யூமை முழுவதும் திருகி வைத்து இரண்டு மணி நேரம் ஆடினோம். பாட்டு கரகரத்தது. யாரும் கவலைப்படவில்லை. விழா முடிந்தபோது ஒரு ஸ்பீக்கரில் வூபர் மட்டும்தான் பாடிக்கொண்டிருந்தது. ட்வீட்டர் போய்விட்டது.

மாமா திட்டவில்லை. "போனது போகட்டும்டா, பாத்துக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அதுதான் அதிகம் வலித்தது.

அந்த செட்டைத் திறந்து பார்த்தேன். உள்ளே சானலுக்கு ஒன்றாக இரண்டு டிடிஏ 2030 ஐசிக்கள் இருந்தன. இந்த ஐசி 4 ஓம் ஸ்பீக்கரில் 12 வாட்டும், 8 ஓம் ஸ்பீக்கரில் 8 வாட்டும் உறுதியாகத் தரும் என்று அதன் டேட்டாஷீட் சொல்கிறது. மாமாவின் ஸ்பீக்கர் 8 ஓம். ஆக, 1000 வாட்டில் எங்களுக்குக் கிடைத்தது இரண்டு சானலும் சேர்ந்து 16 வாட்.

பிஎம்பிஓ என்பதை நம்பலாமா?

கூடவே கூடாது. பிஎம்பிஓ என்பது ஒரு நொடியின் மிகச் சிறிய பகுதியில் வரக்கூடிய உச்ச சக்தி என்று விளக்கம் சொல்வார்கள். ஆனால் அதை அளப்பதற்கு எல்லோரும் ஏற்ற முறை எதுவும் கிடையாது. எனவே தயாரிப்பவர் விரும்பும் எண்ணைப் போட்டுக்கொள்ளலாம்.

இந்த நோய் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவிலும் கம்பெனிகள் இஷ்டத்துக்கு வாட் எண்களைப் போட்டதால், 1974ல் அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் ஆம்ப்ளிபயர்களுக்கென்றே தனி விதி கொண்டுவந்தது. அந்த விதி 2024ல் திருத்தப்பட்டது. இப்போது அங்கே வாட் எண்ணை விளம்பரம் செய்ய வேண்டுமானால், 8 ஓம் சுமையில், 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, நிர்ணயித்த டிஸ்டார்ஷன் வரம்பைத் தாண்டாமல் தொடர்ந்து தரக்கூடிய சக்தியை அளந்து சொல்ல வேண்டும்.

நாம் வாங்கும்போது பார்க்க வேண்டியதும் இதுதான். எத்தனை ஓமில், எவ்வளவு டிஸ்டார்ஷனில், இரண்டு சானலும் ஒன்றாக ஓடும்போது எத்தனை வாட்? இந்த மூன்றும் இல்லாத வாட் எண் வெறும் அலங்காரம். 10 சதவீத டிஸ்டார்ஷனில் அளந்த எண் என்றால் அதிலும் கணிசமான பகுதியைக் கழித்துவிடுங்கள். 10 சதவீதம் என்பது காதில் தெளிவாக விழும் கரகரப்பு.

இப்போது கையடக்கமான கிளாஸ் டி ஆம்ப்ளிபயர்கள் நிறைய வருகின்றன. நல்ல ஆம்ப்ளிபயர்கள்தான். சூடும் குறைவு, விலையும் குறைவு. ஆனால் "300 வாட் × 2" என்று பெட்டியில் இருந்தால் உடன் வரும் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 32 வோல்ட், 5 ஆம்பியர் என்று இருந்தால் பெருக்கிக்கொள்ளுங்கள், 160 வாட். உள்ளே வருவதே 160 என்றால் வெளியே 600 எப்படி வரும்? மின்சாரத்தை யாரும் உற்பத்தி செய்து சேர்க்க முடியாது.

இன்னொரு கணக்கும் உண்டு. இவ்வகை ஆம்ப்ளிபயர்கள் பெரும்பாலும் சப்ளை வோல்டேஜ் முழுவதையும் ஸ்பீக்கரின் இரு முனைகளுக்கு இடையே தர வல்லவை. 24 வோல்ட் அடாப்டர் என்றால், 24ஐ 1.414ஆல் வகுத்தால் 17 வோல்ட். 17ஐ 17ஆல் பெருக்கி 8 ஓமால் வகுத்தால் 36 வாட். 8 ஓம் ஸ்பீக்கரில் அதற்கு மேல் சுத்தமான ஒலி வராது. பெட்டியில் என்ன அச்சடித்திருந்தாலும் சரி.

முதலில் ஸ்பீக்கரின் முதுகைப் பாருங்கள்

ஆம்ப்ளிபயர் தேடும் முன் உங்கள் ஸ்பீக்கரைத் திருப்பிப் பின்பக்கம் எழுதியிருப்பதைப் படியுங்கள். அங்கே இரண்டு எண்கள் முக்கியம்.

முதலாவது சென்சிடிவிட்டி. 86 டெசிபல், 88 டெசிபல் என்று இருக்கும். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தூரத்தில் அளந்தால் எவ்வளவு சத்தம் கேட்கும் என்பதே இது. 2.83 வோல்ட் என்று போட்டிருந்தால் 8 ஓம் ஸ்பீக்கரில் அதுவும் 1 வாட்தான். ஆனால் 4 ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் என்றால் 2 வாட். எனவே 4 ஓம் ஸ்பீக்கரில் அப்படிப் போட்டிருந்தால் 3 டெசிபல் கழித்துவிட்டுப் பாருங்கள்.

டெசிபல் கணக்கில் இரண்டு விஷயம் நினைவில் இருந்தால் போதும். 3 டெசிபல் கூட வேண்டுமானால் வாட் இரண்டு மடங்கு வேண்டும். 10 டெசிபல் கூட வேண்டுமானால் வாட் பத்து மடங்கு வேண்டும். அந்த 10 டெசிபல் உயர்வைத்தான் நம் காது 'இரண்டு மடங்கு சத்தம்' என்று உணர்கிறது.

அதாவது 50 வாட் ஆம்ப்ளிபயரைக் கொடுத்துவிட்டு 100 வாட் வாங்கினால் கிடைப்பது வெறும் 3 டெசிபல். வால்யூம் கொஞ்சம் கூடியது போலத் தெரியும், அவ்வளவுதான். இதற்காகவா இரண்டு மடங்கு விலை?

மாறாக ஸ்பீக்கர்களுக்கு இடையே உள்ள வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. பிபிசி நிறுவனம் 1970களில் தன் ஒளிபரப்பு வேன்களுக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற புகழ்பெற்ற சிறிய ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி சுமார் 83 டெசிபல். அமெரிக்காவின் பால் கிளிப்ஷ் 1946ல் கொண்டுவந்த கிளிப்ஷ்ஹார்ன் என்ற பெரிய ஹார்ன் ஸ்பீக்கருக்கு அந்நிறுவனம் சொல்லும் எண் 105 டெசிபல். வித்தியாசம் 22 டெசிபல். அதாவது சுமார் 160 மடங்கு! பெரியது 1 வாட்டில் தரும் சத்தத்தைச் சிறியதில் கொண்டுவர 160 வாட் வேண்டும். அவ்வளவு கொடுத்தால் அந்தச் சிறிய ஸ்பீக்கர் தாங்காது என்பது வேறு விஷயம். இப்போது சொல்லுங்கள், ஸ்பீக்கர் எது என்று தெரியாமல் "வாட்ஸ் எவ்வளவு?" என்று கேட்பதில் அர்த்தம் உண்டா?

ஓம் என்ற இரண்டாவது எண்

இம்பிடன்ஸ் எனப்படும் மின்தடையை 8 ஓம், 6 ஓம், 4 ஓம் என்று போட்டிருப்பார்கள். இது ஒரே நிலையான எண் அல்ல. ஒலியின் அதிர்வெண்ணைப் பொறுத்து ஏறி இறங்கும். ஒரு 8 ஓம் ஸ்பீக்கர் ஓரிடத்தில் 30 ஓமும், இன்னோர் இடத்தில் 6 ஓமும் காட்டலாம். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரப்படி, மிகக் குறைந்த அளவு எழுதிய எண்ணில் 80 சதவீதத்திற்குக் கீழே போகக்கூடாது. 8 ஓம் என்றால் 6.4 ஓமுக்குக் கீழே இறங்கக்கூடாது. ஆனால் 8 ஓம் என்று எழுதிவிட்டு 4 ஓமுக்கும் கீழே இறங்கும் ஸ்பீக்கர்களும் சந்தையில் உண்டு. இம்பிடன்ஸ் வரைபடத்துடன் வந்த சோதனை ரிப்போர்ட் ஏதேனும் கிடைத்தால் அதைப் பார்த்துவிடுவது நல்லது.

இது ஏன் முக்கியம்? மின்தடை குறையக் குறைய ஆம்ப்ளிபயர் அதிகக் கரண்ட் தர வேண்டும். பலவீனமான பவர் சப்ளை உள்ள ஆம்ப்ளிபயர் அங்கே மூச்சு வாங்கும், சூடாகும், பாதுகாப்பு சர்க்யூட் இயங்கி நின்றும் போகலாம். 1980களில் வந்த அபோஜி சிண்டில்லா என்ற ரிப்பன் ஸ்பீக்கர் சுமார் 1 ஓம் அளவில் நின்று பல பெரிய ஆம்ப்ளிபயர்களையே திணறடித்ததால் பெயர் பெற்றது.

எனவே ஆம்ப்ளிபயரின் விவரக் குறிப்பில் 8 ஓம் எண்ணோடு 4 ஓம் எண்ணையும் பாருங்கள். 8 ஓமில் 50 வாட், 4 ஓமில் 80 அல்லது 90 வாட் என்று கூடினால் பவர் சப்ளை பலமானது என்று பொருள். 4 ஓம் பற்றிப் பேச்சே இல்லை என்றால், உங்கள் ஸ்பீக்கர் 4 ஓமாக இருக்கும்பட்சத்தில் அதை விட்டுவிடுங்கள். 100 வாட் என்ற பெரிய எண்ணைவிட இந்த ஒரு வரி அதிக உண்மையைச் சொல்லும்.

சிறிய ஆம்ப்ளிபயர்தான் ட்வீட்டரைக் கொன்றதா?

ஹாஸ்டல் சம்பவத்தைக் கேட்ட எல்லோரும், "சின்ன ஆம்ப்ளிபயர் போட்டால் ஸ்பீக்கர் போய்விடும், பெரியதாக வாங்கு" என்றார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது.

ஆம்ப்ளிபயர் தன் எல்லையைத் தாண்டும்போது ஒலி அலையின் தலையும் காலும் வெட்டுப்படும். இதைத்தான் கிளிப்பிங் என்கிறோம். வெட்டுப்பட்டு ஏறக்குறையச் சதுர வடிவான அலை, அதே உயரமுள்ள சைன் அலையைப் போல இரண்டு மடங்கு சக்தி வரை கொண்டது. அதில் இல்லாத மேல் அதிர்வெண்களும் புதிதாகச் சேரும். பாட்டின் மெல்லிய பகுதிகளும் உயர்ந்துவிடுவதால் சராசரி சக்தி கூடும். சாதாரணமாகச் சில வாட் மட்டுமே பெறும் ட்வீட்டரின் மெல்லிய காயில் இவ்வளவும் போய்ச் சேர்ந்தால் எரியாமல் என்ன செய்யும்?

ஆனால் அதே 8 வாட் செட்டை ஒரு சிறிய அறையில் கரகரப்பு இல்லாத அளவில் ஓட்டியிருந்தால் எந்தக் கெடுதலும் வந்திருக்காது. அதேபோல அன்று எங்களிடம் 200 வாட் இருந்திருந்தால் ட்வீட்டருக்குப் பதில் வூபர் போயிருக்கும். 200 பேர் ஆடும் ஹாலுக்கு வீட்டு ஸ்பீக்கர் ஒரு ஜோடி போதும் என்று நினைத்ததும், கரகரத்த பிறகும் வால்யூமைக் குறைக்காததும்தான் தவறு. ட்வீட்டரைக் கொன்றது ஆம்ப்ளிபயர் அல்ல, வால்யூம் மேல் இருந்த என் கை.

எனக்கு எவ்வளவு வேண்டும்? கணக்கு

மாமா அந்த ட்வீட்டரை எப்படியோ மாற்றிவிட்டார். நான் சென்னையில் வேலைக்குச் சேர்ந்து வீடு எடுத்ததும், "நீயே வச்சுக்கடா. இந்தத் தடவை ஒழுங்கா ஒரு ஆம்ப்ளிபயர் வாங்கு" என்று ஸ்பீக்கர்களை அனுப்பிவைத்தார். இந்த முறை தவறு செய்ய எனக்குத் துணிவில்லை.

ஒரு கடையில் விசாரித்தேன். ஸ்பீக்கர் எது என்று கேட்காமலேயே, "200 வாட்ஸ் இல்லாம எடுக்காதீங்க சார், ஹெட்ரூம் வேணும்" என்றார் விற்பனையாளர். விலை 65,000 ரூபாய். கிரெடிட் கார்டை எடுக்கப் போன கை எப்படியோ நின்றது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன்.

ஸ்பீக்கர் 86 டெசிபல். நான் உட்காருவது 2 மீட்டர் தூரத்தில். தூரம் இரட்டிப்பானால் திறந்த வெளியில் 6 டெசிபல் குறையும். அறைக்குள் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் அவ்வளவு குறையாது. இருந்தாலும் 6 என்றே வைத்துக்கொண்டேன். இரண்டு ஸ்பீக்கர் என்பதால் 3 கூட்ட வேண்டும். 86ல் 6 போய் 3 கூட்டினால் 83. அதாவது சானலுக்கு 1 வாட் கொடுத்தாலே என் காதில் 83 டெசிபல் விழும்.

நாம் பேசும் சத்தம் சுமார் 60 டெசிபல். சராசரி 80 டெசிபலில் பாட்டுக் கேட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டும். அந்த 80க்கு எனக்கு வேண்டியது அரை வாட்!

ஆனால் இசையில் சராசரி மட்டும் போதாது. மிருதங்கத்தின் ஒரு சாப்பு, டிரம்சின் ஓர் அடி எல்லாம் சராசரியைவிடப் பல மடங்கு உயரும். இன்றைய சினிமாப் பாடல்களில் உச்சம் சராசரியைவிட 10 டெசிபல் அளவில் இருக்கும் என்று கொண்டால் 5 வாட். நன்றாகப் பதிவு செய்த கச்சேரியில் 15 டெசிபல் என்றால் 16 வாட். மிக அரிதாக 20 டெசிபல் என்றால் 50 வாட். 200 எங்கே வந்தது?

கணக்கு வேண்டாம், அளந்தே பார்க்கலாம்

கணக்கை நம்பாதவர்களுக்கு நேரடி வழி இருக்கிறது. ஒரு மல்ட்டிமீட்டரும் கம்ப்யூட்டரும் போதும். நண்பரிடமிருந்து ஓர் ஆம்ப்ளிபயரை ஒரு நாள் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள்.

1. ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேரில் ஜெனரேட் மெனுவில் டோன் என்பதைத் தேர்வு செய்யுங்கள். வடிவம் சைன், அதிர்வெண் 120 ஹெர்ட்ஸ், ஆம்ப்ளிடியூட் 0.25 என்று கொடுத்து, ஒரு நிமிட ஸ்டீரியோ வேவ் பைலாகச் சேமியுங்கள்.

2. பிளேயரிலும் விண்டோஸிலும் வால்யூமை முழுவதும் வையுங்கள். ஈக்வலைசர், பாஸ் பூஸ்ட், வால்யூமைத் தானாகச் சமன் செய்யும் வசதி எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள்.

3. ஆம்ப்ளிபயரின் வால்யூமை முழுவதும் குறைத்துவிட்டுப் பாட்டைப் போடுங்கள். பிறகு மெல்ல மெல்லக் கூட்டி, உங்களால் தாங்க முடிந்த மிக அதிகச் சத்தத்திற்கு வாருங்கள். கரகரப்பு கேட்டால் அதற்கு முன் நிறுத்துங்கள். அந்த இடத்தில் வால்யூமை அப்படியே விட்டுவிடுங்கள்.

4. பாட்டை நிறுத்தி, ஆம்ப்ளிபயரை அணைத்து, ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றுங்கள். ஒயர் முனைகள் ஒன்றோடொன்று தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வால்வு ஆம்ப்ளிபயராக இருந்தால் இதைச் செய்யவே கூடாது. ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டினால் அது பழுதாகும்.

5. மீண்டும் இயக்கி, சேமித்த டோனை அதே பிளேயரில் ஓட்டி, ஒரு சானலின் ஸ்பீக்கர் முனைகளில் மீட்டரை ஏசி வோல்டேஜில் வைத்து அளவிடுங்கள். மலிவான மீட்டர்களில் ஏசிக்கு 200 வோல்ட் ரேஞ்ச்தான் குறைந்தபட்சமாக இருக்கும். அதில் சரியாகத் தெரியாது. 20 வோல்டோ அதற்குக் குறைந்த ரேஞ்சோ உள்ள மீட்டர் வேண்டும்.

6. வந்த எண்ணை 4ஆல் பெருக்குங்கள். அதை அதே எண்ணால் பெருக்கி ஸ்பீக்கரின் ஓமால் வகுங்கள். அதுதான் உங்களுக்கு வேண்டிய வாட்.

ஏன் 4? நாம் உருவாக்கிய டோன் டிஜிட்டல் உச்சத்தில் கால் பங்கு உயரம். எந்தப் பாட்டாக இருந்தாலும் அந்த டிஜிட்டல் உச்சத்தைத் தாண்ட முடியாது. ஆகவே நான்கு மடங்கு என்பது அந்த வால்யூமில் வரக்கூடிய அதிகபட்சம்.

என் வீட்டில் ஒரு சினிமாப் பாட்டை வைத்து அளந்தபோது 1.1 வோல்ட் வந்தது. நான்கு மடங்கு 4.4. கணக்குப் பார்த்தால் 2.4 வாட்! நம்ப முடியாமல் மெல்லிய அளவில் பதிவான ஒரு நாதஸ்வரக் கச்சேரியைப் போட்டேன். தவில் வரும் இடத்தில் காதைப் பொத்தும் அளவுக்கு ஏற்றினேன். பக்கத்து பிளாட் அக்கா வந்து, "என்னப்பா, வீட்டுல கல்யாணமா?" என்று கேட்டார். அப்போதும் 2.2 வோல்ட்தான். நான்கு மடங்கு 8.8. சக்தி 9.7 வாட்.

10 வாட் கூட வரவில்லை. அதற்கு நான்கு மடங்கு ஹெட்ரூம் கொடுத்தால் 40 வாட். 8 ஓமில் 40, 4 ஓமில் 65 வாட் தரும் பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிபயர் ஒன்றை 9,000 ரூபாய்க்குச் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். மிச்சமான பணத்தில் ஸ்பீக்கருக்கு உறுதியான ஸ்டாண்ட், தரைக்கு ஒரு கனமான விரிப்பு, ஜன்னலுக்குத் தடித்த திரை வாங்கினேன். ஒலியில் ஏற்பட்ட முன்னேற்றத்தை அம்மாவே கண்டுபிடித்துச் சொன்னார்.

விலை உயர்ந்தது நன்றாக ஒலிக்காதா?

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். அமெரிக்காவைச் சேர்ந்த பாப் கார்வர் என்ற ஆம்ப்ளிபயர் வடிவமைப்பாளர் 1985ல் ஸ்டீரியோபைல் பத்திரிகையிடம் ஒரு சவால் விட்டார். அவர்கள் தேர்வு செய்யும் விலை உயர்ந்த ஆம்ப்ளிபயரின் ஒலியைத் தன் விலை குறைந்த ஆம்ப்ளிபயரில் கொண்டுவருவதாகச் சொன்னார். அவர்கள் ஒரு வால்வு ஆம்ப்ளிபயரைக் கொடுத்தார்கள். கார்வர் இரண்டின் வெளியீட்டையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, மிஞ்சும் ஒலி மிகவும் குறையும் வரை தன்னுடையதை மாற்றிக்கொண்டே வந்தார். கடைசியில் ஆசிரியர்களால் அன்று வேறுபாடு சொல்ல முடியவில்லை.

நல்ல முறையில் வடிவமைத்த இரண்டு டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயர்களைக் கிளிப் ஆகாத அளவில், ஒரே வால்யூமில் வைத்துக் கேட்டால் வேறுபாடு மிகச் சிறியது என்பதே என் கருத்து. 'ஒரே வால்யூமில்' என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். அரை டெசிபல் கூடுதலாக ஓடினாலே நம் காது அதைச் 'சத்தம் அதிகம்' என்று சொல்லாது, 'நன்றாக இருக்கிறது' என்றுதான் சொல்லும். கடையில் இரண்டை மாற்றி மாற்றிக் கேட்கும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

இதற்கு விதிவிலக்கு உண்டு. வால்வு ஆம்ப்ளிபயர்களின் வெளியீட்டு மின்தடை பொதுவாக அதிகம். எனவே ஸ்பீக்கரின் ஓம் ஏறி இறங்குவதற்கு ஏற்ப ஒலியும் கொஞ்சம் மாறும். அது பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்கள். பெரிய ஹால், 4 மீட்டர் தூரம், 83 டெசிபல் ஸ்பீக்கர், அதுவும் 4 ஓம் என்றால் 100 வாட்டுக்கு மேல் வாங்குவதும் நியாயமே. அதையும் அளந்து பார்த்து வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன்.

வாங்கிய பிறகு டிவி அலமாரிக்குள் மூடி வைத்துவிடாதீர்கள். நம் ஊர் மே மாத வெயிலில் ஹீட்சிங்க்கிற்கு மேலே ஒரு சாண் இடமாவது வேண்டும்.

சென்ற பொங்கலுக்கு மாமா சென்னைக்கு வந்திருந்தார். நாதஸ்வரம் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "எத்தனை வாட்ஸ்டா இது?" என்றார். "இப்ப ஓடுறது ரெண்டு வாட் மாமா" என்றேன். நம்பவில்லை. மீட்டரை எடுத்துக் காட்டினேன்.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது ஸ்பீக்கரின் டெசிபல், ஓம், நீங்கள் அளந்த வோல்ட் மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் 200 வாட்டைக் காட்டினால் நீங்கள் அந்தச் சீட்டைக் காட்டுங்கள்!